மாதுளைத் தோலும் மச்சான் காலும்

போன வாரம் ஆம்பூர் பஜாரில் ஒரு ஜூஸ் கடை வாசலில் நின்றிருந்தேன். கடைப் பையன் பிழிந்துபோட்ட மாதுளைத் தோலையெல்லாம் குப்பையில் கொட்டாமல் ஒரு கோணிப்பையில் சேர்த்துக்கொண்டிருந்தான். "எதுக்குப்பா இது?" என்று கேட்டேன். "ஒருத்தர் வந்து எடுத்துக்கினு போவாரு சார். காய வெச்சு பவுடர் பண்ணி விக்கிறாராம். சுகர் புண்ணுக்கு ரொம்ப நல்லதாம்" என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஏன் குத்தியது என்று சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். வழக்கம்போல் பழைய கதை கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கதை இல்லாமல் எனக்கு எழுத வராது என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழத்தோலில் கிருமியைக் கொல்லும் சத்து இருக்கிறதா? இருக்கிறது. சந்தேகமே வேண்டாம். அதனால் அது புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்தாகிவிடுமா? ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் விழுந்தார். தள்ளிவிட்டவர்களில் நானும் ஒருவன்.

நான் பிறந்தது புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் கிளம்பிய பிறகும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் கிளம்பவில்லை. அப்பா என்னை அதில்தான் சேர்த்தார். சின்ன வகுப்பில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம் என்று அர்த்தம். ஆசிரியர் ஒரு பொருளை மேசைமேல் வைப்பார். அதைத் தொட்டு, முகர்ந்து, வெட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். ஒரு நாள் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, அதன் தோலைக் காட்டி 'எகோர்ஸ்' என்றார். மறுவாரம் ஒரு மரப்பட்டையை வைத்து அதற்கும் 'எகோர்ஸ்' என்றார். பழத்தின் தடித்த தோலுக்கும் மரத்தின் பட்டைக்கும் பிரெஞ்சில் ஒரே சொல். நான் எழுந்து, "எங்கள் தமிழில் பழத்தோல், மாட்டுத்தோல், மனிதத்தோல் மூன்றுக்கும் ஒரே சொல்தான் மெஸ்யே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் தமிழர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்றார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை.

1967-இல் அப்பா போய்ச் சேர்ந்தார். தாய்மாமன் வந்து அம்மாவையும் என்னையும் ஆம்பூருக்கு அழைத்து வந்தார். மாமா ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதே ஷாப்பில் குழி வேலைக்குப் போனார். பிற்பாடு அவர் தங்கையை நான் கட்டிக்கொண்டதால் அவர் எனக்கு மச்சான். நான் தேர்வு எழுதி அரசாங்க குமாஸ்தா ஆனேன். அவர் தோலோடு இருந்தார், நான் தாளோடு இருந்தேன்.

பையனாக இருந்தபோது மச்சானுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவேன். அந்தக் காலத்து ஷாப்பை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊற வைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, முடி நீக்கி, சதை வழித்து, பிறகு வரிசையாக இருக்கும் குழிகளில் இறக்குவார்கள். குழிக்குள் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர், டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். தோல் அதில் வாரக்கணக்கில் கிடக்கும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அதைத் தடுத்து நல்ல வெளிர் நிறம் கொடுக்கும். அப்படிப் பதனிட்ட சரக்குத்தான் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரில் கப்பலேறிச் சீமைக்குப் போனது.

பச்சைத் தோலைச் சும்மா போட்டால் ஒன்றிரண்டு நாளில் அழுகி நாறும். குழியில் ஊறியது பல வருஷம் அழுகாது. என்ன மாயம்? பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புத்தான். அதற்கு 'டானின்' என்று பெயர். பிரெஞ்சில் 'தான்' என்றால் தோல் பதனிடும் ஓக் மரப்பட்டைத் தூள். அதிலிருந்து வந்த சொல். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படைவீரர்களுக்குப் பூட்ஸ் பற்றாமல் போனபோது, அர்மான் செகேன் என்ற வேதியியலாளர் தோலைச் சீக்கிரம் பதனிடும் வழியை ஆராய்ந்து கொடுத்தார். டானின் செய்வது ஒரே வேலை: புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று இறுகக் கட்டிவிடும். கட்டிய பிறகு கிருமியால் அதைத் தின்ன முடியாது. கிருமியின் உடம்பும் புரதம்தான். அதையும் டானின் பிடித்து முடக்கும். பாக்கோ பிஞ்சு மாதுளையோ கடித்தால் வாய் இழுத்துக்கொள்கிறதே, அது நம் எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பிடிப்பதுதான். சுருக்கமாகச் சொன்னால், நம் நாக்கைக் கொஞ்சம் பதனிடுகிறது.

கடுக்காயில் பயன்படுவது கொட்டையைச் சுற்றியுள்ள தோடுதான். சுக்குக்கு வெளித்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு உள்கொட்டை நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கொட்டையை நீக்கிவிட்டுத்தான் சித்த வைத்தியர் கடுக்காயைச் சேர்ப்பார். காய்ந்த மாதுளைத் தோலிலும் டானின் ஏராளம். மேற்கே பல நாடுகளில் மாதுளைத் தோலை வைத்தே ஆட்டுத்தோல் பதனிட்டிருக்கிறார்கள். ஆகவே பழத்தோல் கிருமியைக் கொல்லும் என்று யாராவது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொன்னால், பாலாற்றங்கரைக்காரனுக்குச் சிரிப்புத்தான் வரும். எங்களுக்கு அது சோறு போட்ட சங்கதி.

வீட்டு வைத்தியத்திலும் அப்படித்தான். வயிறு போனால் அம்மா காய்ந்த மாதுளைத் தோலைக் கஷாயம் வைத்தோ, தூளை மோரில் கலக்கியோ கொடுப்பார். சாதாரண வயிற்றுப்போக்கு நின்றுவிடும். குற்றாலத்துப் பக்கம் மங்குஸ்தான் தோலுக்கும் இதே வேலை. ஆரஞ்சுத் தோல் குளியல் பொடிக்கு. நார்த்தங்காய் தோலோடு உப்பில் ஊறிக் காய்ந்து, காய்ச்சல்காரன் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள. பிரெஞ்சுக்காரர்களும் மாதுளையை விட்டுவைக்கவில்லை. மாதுளை மரத்தின் பட்டை நாடாப்புழுவை வெளியேற்றும் என்பது பழைய காலத்து அறிவு. தான்ரே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1878-இல் அந்தப் பட்டையிலிருந்து வேலை செய்யும் சத்தைத் தனியே பிரித்தெடுத்து, தமக்கு முந்தைய மேதை பெல்த்தியேவின் பெயரை அதற்கு வைத்தார். அந்தப் பெல்த்தியேதான் 1820-இல் கவாந்து என்பவரோடு சேர்ந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் தப்புச் செய்தேன். தெரிந்தவன் செய்கிற தப்பு பெரிய தப்பு.

2021-ஆம் வருஷம். கொரோனா இரண்டாவது அலை அடித்து ஓய்ந்த நேரம். ஆஸ்பத்திரி வாசல் என்றாலே எல்லாருக்கும் பயம். போன் முழுக்கக் கஷாயக் குறிப்புகள். அதில் ஒன்று எனக்கு வந்தது. மாதுளைத் தோல் பொடியும் கடுக்காய்ப் பொடியும் சேர்த்து எண்ணெயில் குழைத்துத் தடவினால் ஆறாத சர்க்கரைப் புண்ணும் ஆறும். ஆய்வகத்தில் கிருமிகள் செத்ததை விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள். மருந்துக் கம்பெனிகள் இதை மறைக்கின்றன. கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வரி பிடித்தது. கடுக்காய் என்றதும் மாமாவின் ஷாப் ஞாபகம் வந்தது. மச்சானுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. வலது கால் கட்டை விரல் பக்கம் ஒரு சின்னப் புண் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். நான் அந்தச் செய்தியை மச்சானின் மகனுக்கு அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்கவில்லை, "இது நம்ம ஊர் விஷயம், தைரியமாகப் போடலாம்" என்று என் கைப்பட ஒரு வரியும் சேர்த்தேன்.

மச்சானுக்கு அந்த ஒரு வரி போதும். ஊரில் நான் 'படிச்ச மாப்ளே'. அவருக்கும் பட்டை மேல் நம்பிக்கை உண்டு. "முப்பது வருஷம் குழியில நின்னேன். என் கையில ஒரு நாள் சீழ் புடிச்சதில்ல" என்பார். தினம் பொடி தடவினார். புண் காய்ந்தது. மேலே கறுப்பாகக் கெட்டியாக ஒரு தோல் கட்டியது. வலியும் இல்லை. "ஆறிப்போச்சு மாப்ளே" என்று போனில் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன்.

பதினெட்டாம் நாள் குளிர்காய்ச்சல். கால் முழங்கால்வரை வீங்கிச் சிவந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். அந்தக் கறுப்புத் தோலைக் கத்தியால் விலக்கினார். அடியில் குபுக்கென்று சீழ். எலும்புவரை போயிருந்தது. என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னோம். கோபித்துக்கொள்ளவில்லை. "ஐயா, மேலே தோலைப் பதம் பண்ணி மூடி வெச்சுட்டீங்க. உள்ளே அழுகினது வெளியே வர வழியில்லாம போச்சு" என்றார்.

கட்டை விரலும் அடுத்த விரலும் போயின. கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் காலும் தப்பியிருக்காது என்றார்கள். சர்க்கரை நோயில் காலுக்கு உணர்வு குறைந்துபோகிறது. அதனால் வலிக்கவில்லை. வலி இல்லை என்பதை ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். இது எங்கள் ஊருக்குத் தெரியாத பாடமும் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக உதிர்வதில்லை, உணர்வு செத்துப்போனதால் சுட்டுக்கொண்டும் இடித்துக்கொண்டும்தான் போகின்றன என்று இங்கேதான் கண்டு சொன்னார். ராத்திரியில் எலி கடித்தால்கூட அவர்களுக்குத் தெரியாது என்பதால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். அதே பாடத்தைப் பிற்பாடு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருத்திச் சொன்னவர் அவர். வேலூரிலிருந்து உலகத்துக்குப் போன பாடம் ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். குமாஸ்தா புத்தி, கோப்பு மூடிய பிறகு பழைய குறிப்புகளைத் தேடுவது. தேடியதில் ஒரு சங்கதி என்னை உலுக்கிவிட்டது. நாங்கள் மச்சான் காலுக்குச் செய்ததை மேல்நாட்டு டாக்டர்களே ஒரு காலத்தில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்.

1925-இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் டேவிட்சன் என்ற சர்ஜன் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் தெளிக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்தார். டானிக் அமிலம் என்றால் நம் கடுக்காய்க் குடும்பத்துத் துவர்ப்புச் சத்தேதான். வெந்த இடத்தில் அது பட்டதும் தோல் இறுகி, கறுத்து, பதனிட்ட தோல்போல மூடிக்கொள்ளும். நீர் கசிவது நிற்கும், வலி குறையும். உயிர் பிழைத்தவர்கள் கூடினார்கள் என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. உலகம் முழுக்கப் பரவியது. இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் சாயம் வெளுத்தது. அந்தக் கெட்டித் தோலின் அடியில் சீழ் பிடித்தது. விரல்கள் இறுகிச் சுருண்டன. எரிந்துபோன விமானிகளுக்கு முகமும் கையும் திருப்பிக் கொடுத்த மெக்கிண்டோ என்ற சர்ஜன், கைக்கும் முகத்துக்கும் இதைப் போடாதீர்கள் என்று சண்டை பிடித்தார். புண் வழியாக உடம்புக்குள் போன டானிக் அமிலம் ஈரலைக் கெடுக்கிறது என்பதும் 1940-களில் தெரிய வந்தது. அத்தோடு அந்தச் சிகிச்சையைக் கைவிட்டார்கள்.

என் பள்ளி ஆசிரியர் சிரித்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாட்டுத்தோலுக்கும் மனிதத் தோலுக்கும் நாம் ஒரே சொல் வைத்திருக்கலாம். ஆனால் குழியில் கிடப்பது செத்த தோல். அதற்குக் கீழே ரத்தம் ஓட வேண்டியதில்லை, புதுச் சதை வளர வேண்டியதில்லை, சீழ் வெளியேற வேண்டியதில்லை. அழுகாமல் இருந்தால் போதும். உயிருள்ள தோலுக்கு அழுகாமல் இருப்பது மட்டும் வேலை இல்லை, வளர்வதும் வேலை.

அடுத்து, 'ஆய்வகத்தில் நிரூபித்தார்கள்' என்பதைப் பார்ப்போம். பொய் இல்லை. ஒரு கண்ணாடித் தட்டில் கூழ்போல ஒன்றைப் பரப்பி, அதில் கிருமியை வளர்த்து, நடுவில் பழத்தோல் சாற்றை வைப்பார்கள். சாற்றைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் விழும். வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். கல்லூரி மாணவர்கள்கூடச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் அந்தத் தட்டில் வினிகர் வைத்தாலும் வட்டம் விழும், பினாயில் வைத்தாலும் விழும். தட்டுக்கு ஈரல் இல்லை, சிறுநீரகம் இல்லை.

அளவையும் பார்க்க வேண்டும். இத்தகைய கலவைச் சாறுகளைப் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் போட்டால்தான் கிருமி சாகும். ஆஸ்பத்திரி ஆன்டிபயாடிக் மருந்துக்கு மைக்ரோகிராம் கணக்கே பல சமயம் போதும். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம். உதாரணத்துக்கு ஒரு மில்லி லிட்டருக்கு 5 மில்லிகிராம் சாறு தேவை என்று வையுங்கள். பெரிய மனிதர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். 5,000 மில்லி லிட்டரை 5 மில்லிகிராமால் பெருக்கினால் 25 கிராம். அத்தனையும் செரிக்காமல், குறையாமல், ரத்தத்துக்குள் போய் அங்கேயே நிற்க வேண்டும். நிற்காது. மாதுளைத் தோலின் முக்கியமான டானின்கள் அப்படியே ரத்தத்தில் கலப்பது அபூர்வம். குடலில் உள்ள நுண்ணுயிர்களே அவற்றை உடைத்து வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. அதனால்தான் அம்மா கொடுத்த கஷாயம் வயிற்றுப்போக்கில் பலித்தது. குடல் அது நேராகப் போய்ச் சேருகிற இடம். நுரையீரலுக்கோ காலெலும்புக்கோ அது போய்ச் சேராது.

தோல் ஷாப்பிலேயே இன்னொரு சாட்சியும் உண்டு. மழைக்காலத்தில் உங்கள் தோல் செருப்பும் பெல்ட்டும் பூஞ்சை பூக்கிறதா இல்லையா? டானினில் ஊறி ஊறி வந்த தோல்தானே அது? பட்டைக் குழியின் மேலேயே வெள்ளையாகப் பூஞ்சை படர்வதை மச்சான் எத்தனையோ தரம் வழித்துப் போட்டிருக்கிறார். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் அவ்வளவு காரமான எண்ணெய் இருந்தும் நான்கு நாளில் பச்சைப் பூஞ்சை வருகிறது. உலகத்தில் எதற்கும் அடங்காத ஜந்து ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அந்தப் பூஞ்சைதான் கடைசியில் ஜெயித்தது என்பது வேடிக்கை. பிளெமிங் 1928-இல் பெனிசிலினைக் கண்டார். ஆனால் அவர் கண்ட பூஞ்சை கொடுத்த மருந்து கொஞ்சம்தான். போர்க் காலத்தில் நிறையக் கொடுக்கும் ரகத்தைத் தேடி அலைந்தார்கள். 1943-இல் அமெரிக்காவில் பியோரியா என்ற ஊரில், பூஞ்சை பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து அந்த ரகம் கிடைத்தது. பழத்தோலால் உலகத்துக்குக் கிடைத்த பெரிய கிருமிக்கொல்லி இதுதான். ஆனால் யாரும் அழுகின முலாம்பழத்தைப் புண்ணில் வைத்துக் கட்டச் சொல்லவில்லை. பிரித்தார்கள், சுத்தம் செய்தார்கள், அளந்தார்கள், எலிக்குப் போட்டார்கள், பிறகுதான் மனிதனுக்கு. குயினைனும் அப்படித்தான். 2015-இல் சீனத்து அம்மையார் து யூயூவுக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த மலேரியா மருந்தும் பழைய வைத்திய நூலில் தொடங்கி அப்படித்தான் வந்தது. பாட்டி வைத்தியம் விலாசம் சொல்லும். வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பது வேறொருவர் வேலை.

விற்பனைக்கு வருகிற 'இயற்கைச் சாறு' எல்லாம் இயற்கையா என்பது இன்னொரு கேள்வி. கிரேப்ஃப்ரூட் என்று நம் பப்ளிமாசுக்குச் சொந்தக்காரப் பழம் ஒன்று. அதன் விதைச் சாறு கிருமியைக் கொல்லும் என்று மேல்நாடுகளில் அமோகமாக விற்றது. 1999-இல் ஜெர்மனியில் கடைச் சரக்கு ஆறை வாங்கிச் சோதித்தார்கள். ஐந்து கிருமியைக் கொன்றன. அந்த ஐந்திலும் செயற்கையான கிருமிநாசினி ரசாயனம் கலந்திருந்தது. கலக்காத ஒன்று எந்தக் கிருமியையும் கொல்லவில்லை. அவர்களே பழத்தை வாங்கி வந்து எடுத்த சாறும் கொல்லவில்லை.

நம் ஊரில் ரசாயனத்தின் மேல் வெறுப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பட்டை போய் குரோமியம் வந்தது. பாலாறும் கிணறும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கெடுத்தவன்தான் அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்று நாட்டுக்கே சொன்ன தீர்ப்பு அது. அந்தக் கசப்பில், பட்டை நல்லது, ரசாயனம் கெட்டது என்று நம் மனசு இரண்டு கட்டாகக் கட்டி வைத்துவிட்டது. பட்டைக் குழித் தண்ணீரும் கறுத்து நாறத்தான் செய்தது. அதை விட்ட வாய்க்காலில் மீன் இருந்ததில்லை. இயற்கை என்ற சொல் சான்றிதழ் அல்ல. அது ஓர் ஊர்ப் பெயர் மாதிரி. அந்த ஊரில் நல்லவனும் இருப்பான், கெட்டவனும் இருப்பான்.

பழத்தோலுக்கு இன்றைக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. அம்மா காலத்து மாதுளை கொல்லையில் காய்த்தது. இன்றைக்கு வருவது பூச்சிமருந்து அடித்து, லாரியில் ஏறி வருவது. மருந்து முதலில் தங்குகிற இடம் தோல்தான். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை. தடை இருந்தும் சோதனையில் பிடிபடுவதைப் பேப்பரில் படிக்கிறோம். ஜூஸ் கடை வாசலில் கோணியில் சேர்கிற தோல் எந்தத் தோட்டத்துத் தோல் என்று பொடி விற்கிறவருக்கே தெரியாது.

இவ்வளவு சொன்னதால் நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இன்னும் ராத்திரி கடுக்காய் உண்டு. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நாடி பார்த்து, சர்க்கரை அளவு பார்த்து, அளவோடு கொடுப்பது வேறு. போனில் வருவது வேறு. எனக்கு ஆதங்கம் என்னவென்றால், செத்த தோலுக்குக் காட்டிய ஜாக்கிரதையை நாங்கள் உயிருள்ள காலுக்குக் காட்டவில்லை. மாமாவின் ஷாப்பில் புது இடத்திலிருந்து பட்டை வந்தால், முழுக் குழிக்கும் போட மாட்டார்கள். முதலில் ஒரே ஒரு தோலை ஊறவைத்து, வெட்டிப் பார்த்து, நடுவரை சாறு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்த பிறகு அங்கே சரக்கை அனுப்பிச் சோதிப்பதும் உண்டு. மாட்டுத்தோல் வீணாகக்கூடாது என்று அத்தனை சோதனை. மச்சான் காலுக்கு ஒரு சோதனையும் இல்லை. மாப்ளே சொன்ன ஒரு வரி மட்டும்.

ஆகவே என் வயசுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

குளியல் பொடியில் ஆரஞ்சுத் தோல் போடுங்கள். நார்த்தங்காய் ஊறப்போடுங்கள். ஒரு நாள் வயிற்றுப்போக்குக்கு மாதுளைத் தோல் மோர் குடித்தால் குற்றமில்லை. ரத்தம் போனாலும், காய்ச்சல் வந்தாலும், மறுநாளும் நிற்காவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் துவர்ப்புக் கஷாயத்தை அதோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். டானின் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட், பப்ளிமாஸ் சாப்பிடுமுன் டாக்டரைக் கேளுங்கள்; கிரேப்ஃப்ரூட் சில மாத்திரைகளின் வேகத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

சர்க்கரைக்காரர்கள் தினம் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதன்மேல் எந்தப் பொடியும் வேண்டாம், எந்தத் தோலும் வேண்டாம். வலிக்கவில்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

போனில் வருவதை அனுப்புமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். முப்பத்தாறு வருஷம் கையெழுத்துப் போடுமுன் கோப்பை மூன்று தரம் படித்தவன் நான். மச்சான் மகனுக்கு அனுப்பியதை ஒரு தரம்கூட முழுசாகப் படிக்கவில்லை.

மச்சான் இன்றைக்கும் இருக்கிறார். சர்க்கரைக் காலுக்கென்று செய்கிற எம்.சி.ஆர். செருப்புப் போட்டுக்கொண்டு, கம்பு ஊன்றி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நான் அனுப்பிய செய்தியைப் பற்றி மூன்று வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன பொங்கலுக்குத்தான் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஊருக்கெல்லாம் தோல் பதம் பண்ணேன். கடைசியில என் தோலையே நீ பதம் பண்ணிட்டியே மாப்ளே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு அந்த ஜூஸ் கடைக்குப் போய், பொடி விற்கிறவர் எப்போது வருவார் என்று கேட்கப் போகிறேன். சண்டை போட இல்லை. மச்சானையும் கூடவே அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். அவர் செருப்பைக் கழற்றிக் காட்டினால் போதும்.